பெறுபவர் கையொப்பம்

ஆயுள் சான்று கொடுத்தாகிவிட்டது, மாத்திரை டப்பாவைக் கிழமைவாரியாக நிரப்பியாகிவிட்டது, இனி நிரப்புவதற்கு ஒரு படிவமும் இல்லையே என்று ஈசிசேரில் சாய்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பேரப்பிள்ளைகளின் பள்ளியிலும் 'படிக்கும் பழக்கம்' என்று கூட்டம் போடுகிறார்களா? சேலத்தில் என் பேத்தியின் பள்ளியில் போட்டார்கள். மகளுக்கு விடுப்பு கிடைக்காததால் நான் போனேன். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளின் நாற்காலியில் எங்களை உட்கார வைத்து, முழங்கால் தாடையில் இடிக்க இடிக்க, ஓர் இளம்பெண் திரையில் படம் படமாகக் காட்டினாள். மேசை சுத்தமாக இருக்க வேண்டும். கால அட்டவணை வண்ண வண்ணமாக இருக்க வேண்டும். கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து, பிள்ளை தினமும் எத்தனை நிமிடம் படித்தது, எத்தனை பக்கம் படித்தது என்று எழுதி, பெற்றோர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்றாள்.

படிவங்களோடு எனக்குப் பகை கிடையாது. கல்வித்துறை அலுவலகத்தில் கடைநிலை எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக வெளியே வந்தவள் நான். இம்மாதிரித் தாள்களை நானே வடிவமைத்து, மூன்று மாவட்டத்துத் தலைமையாசிரியர்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறேன். ஆனாலும் கையைத் தூக்கி, "இதில் ஒரு கட்டம் குறைகிறதே அம்மா, பெறுபவர் கையொப்பத்துக்கு இடம் எங்கே?" என்று கேட்டேன். வயதானவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய விதத்தில் அந்தப் பெண் அழகாகச் சிரித்தாள். ஏன் என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. உங்களுக்கு நேரம் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் பத்தாம் வகுப்புப் படித்த வருடம் அது. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்தப் பள்ளியில் என்னைப்போல் ஒழுங்கான மாணவி கிடையாது. எல்லா நோட்டுக்கும் பழுப்பு அட்டை, அட்டையின் நடுவில் லேபிள், லேபிளைச் சுற்றிச் சிவப்புக் கோடு. தலைப்புக்குப் பச்சை, உட்தலைப்புக்கு ஊதா. வகுப்பாசிரியை என் நோட்டைத் தூக்கிக் காட்டி, "இப்படி எழுதினால் படிப்பு தானாக வரும்" என்பார். வரவில்லை. காலாண்டுத் தேர்வில் கணக்கு, அறிவியல், வரலாறு மூன்றிலும் தோற்றேன். தோற்ற மதிப்பெண்களையும் ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். பின்னாளில் நான் கண்காணிப்பாளர் ஆனதற்கு இதுவே அடிப்படைத் தகுதி என்று நினைக்கிறேன்.

தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: அரையாண்டிலும் தேறாவிட்டால் அரசுத் தேர்வுக்கு அனுப்பமாட்டோம். வீட்டில் இதைக் கேட்டு அம்மா கண்ணைத் துடைத்தார். அப்பாவின் அக்கா மட்டும் தெளிவாக இருந்தார். அத்தை ஊருக்கு வெளியே தனியாளாகக் கோழிப்பண்ணை நடத்திக்கொண்டிருந்தார். அவருக்கு ஆள் பற்றாக்குறை.

"படிப்பு வல்லீனா உட்ருங்க. எங்கூட்டுக்கு அனுப்புங்க. முட்டை பொறுக்கிப் போடட்டும். கோழி பரீச்ச வெக்காது."

நான் அன்று முதல் அத்தையை எதிரிப் பட்டியலில் சேர்த்தேன். அந்தப் பட்டியலுக்கும் சிவப்புக் கோடு போட்டேன்.

அப்பா லாரி டிரைவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அந்த வருடம் ஆயுத பூசை முடிந்த கையோடு மேட்டூரில் சரக்கு இறக்கும்போது லாரியின் பின்பலகை சரிந்து தொடையில் விழுந்தது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு போட்டு, மூன்று மாதம் அசையக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். இருபது வருடமாக ஓடிக்கொண்டிருந்த மனிதரைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தினால் என்ன ஆகும்? முதல் வாரம் விட்டத்து ஓடுகளை எண்ணினார். இரண்டாவது வாரம் தென்னை ஈர்க்குச்சியை மாவுக்கட்டுக்குள் விட்டுச் சொறிந்துகொண்டே அம்மாவின் சமையலில் குறை கண்டார். மூன்றாவது வாரம் என் நோட்டுகளைக் கேட்டார்.

ஒவ்வொன்றாகப் புரட்டினார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"என்ன அம்முணி, நோட்டெல்லாம் இப்பத்தான் பெயிண்ட் அடிச்ச வண்டியாட்டம் இருக்குது. ஓடுமா?"

எனக்குச் சுருக்கென்றது. அப்பா தலைமாட்டில் இருந்த தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அதில் லாரி ஆபீசில் வாங்கிவைத்த ட்ரிப் சீட்டுக் கட்டு ஒன்று பாதி மீதமிருந்தது. இன்றைக்கு அந்தத் தாளை எங்கும் பார்க்க முடியவில்லை. மஞ்சளும் பழுப்புமான மொரமொரப்பான காகிதம். புறப்பட்ட இடம், நேரம், சேர்ந்த இடம், நேரம், சரக்கு விவரம் என்று கட்டங்கள். கடைசியில் பெறுபவர் கையொப்பம். நடுவில் கார்பன் வைத்து எழுதினால் மூன்று பிரதி. கார்பன் விரலில் ஒட்டி, விரலிலிருந்து கன்னத்தில் ஒட்டி, மறுநாள் பள்ளியில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அந்தக் காகிதத்தின் மீது உடனே காதல் வந்தது.

"இன்னையிலிருந்து பாடமெல்லாம் ட்ரிப்பு. எப்ப எடுத்தே, எப்ப சேந்தே, என்ன சரக்கு, எழுதிப்போடு."

ஒவ்வொரு பாடத்துக்கும் அவர் ஒரு தடம் கொடுத்தார். கணக்குக்கு மேட்டூர், ரசாயனம் ஏற்றிப் போவது மாதிரி, கொஞ்சம் அசந்தாலும் கையைச் சுடும். அறிவியலுக்குத் தம்மம்பட்டி, மலையடிவாரம், புதுசுபுதுசாக ஏதாவது கண்ணில் படும். வரலாற்றுக்கு ஜேடர்பாளையம், ஆற்றோரமாகச் சமதளம், தூக்கம் வரும், ஜாக்கிரதை. பள்ளி விட்டு வந்து ஐந்தரைக்கு வண்டி எடுக்க வேண்டும். அரை மணிக்கொருதரம் நிறுத்தி டயரைத் தட்டிப் பார்க்க வேண்டும், அதாவது புத்தகத்தை மூடிவிட்டு என்ன படித்தோம் என்று யோசிக்க வேண்டும். ஒரே நாளில் மூன்று பாடம் ஏற்றினால் ஓவர்லோடு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கங்களைக் கிலோமீட்டராக்கினேன். முதல் நாள் ஆறு பக்கம். இரண்டாம் நாள் பத்து. நாலாம் நாள், அறிவியல், பதினெட்டுப் பக்கம். அழகான கையெழுத்து. புறப்பட்டது ஐந்து முப்பது, சேர்ந்தது ஏழு.

அப்பா தாளைத் தூரப் பிடித்து வாசித்தார்.

"பதினெட்டா?"

"ஆமாங்கப்பா."

"ஏஞ்சாமி, நான் இருவது வருசமா பொய் ட்ரிப் சீட்டு எழுதறவன். டீக்கடைல தூங்குன நேரத்தையெல்லாம் மலையேறுன நேரம்னு எழுதியிருக்கேன். எங்கிட்டயே காட்டறயா? பொய்ய எழுதுனா நம்பறாப்புல எழுதோணும். தம்மம்பட்டி ரோட்டுல இந்த வேகத்துல போனா வண்டி கொல்லிமலை மேல கெடக்கும்."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்குக் கோபமே வரவில்லை. ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரின் தவறைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். பிறகு கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"வண்டி எவ்வளவு தூரம் ஓடுச்சுங்கறத விடு. சரக்குப் போய்ச் சேந்துச்சான்னு வாங்கறவன் சொல்லோணும். இதுல ஒருத்தர் கையெழுத்துப் போடோணும்."

"அம்மா போடட்டும்" என்றேன். அம்மா நான் என்ன சொன்னாலும் சரி சாமி என்பவர்.

"வாங்கறவன் நம்மாளா இருந்தா ஒடஞ்ச மூட்டையக்கூட நல்ல மூட்டைன்னு எழுதிருவான். கொஞ்சம் வேண்டாதவனா இருக்கோணும்" என்ற அப்பா, சற்று யோசித்துவிட்டு, "அக்காவ வரச்சொல்லு" என்றார்.

அத்தை மறுநாள் மாலை ஏழு மணிக்கு வந்தார். கையில் விரிசல் விட்ட முட்டைகள் போட்ட தூக்குப்போசி. சேலையெல்லாம் தீவன வாசம்.

"ஏந்தம்பி, கால் ஒடஞ்சா மூளையுமா கலங்கும்? எனக்கு எழுத்தே தெரியாது. என்னையப் போய்ப் பாடம் கேக்கச் சொல்றே?"

"தெரியாததுனாலதான் அக்கா. தெரிஞ்சவிய பாதி சொன்னா மீதிய அவியளே ரொப்பிக்குவாங்க. வாத்தியாருங்க அப்புடித்தான் ஏமாந்து போறாங்க. உங்களால எதையும் ரொப்ப முடியாது பாருங்க. ஒடஞ்சிருந்தா டேமேஜு, கொறஞ்சிருந்தா ஷார்ட்டு. சரியா வந்து சேந்தாத்தான் கைநாட்டு."

அத்தைக்கு இது பிடித்துவிட்டது. கீழே பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மூக்குத்தியைத் திருகிக்கொண்டு, "எறக்கு பாக்கலாம்" என்றார்.

அன்றைய சரக்கு ஒளிச்சேர்க்கை. நான் எழுந்து நின்று, பள்ளியில் ஒப்பிப்பது போல மூச்சுவிடாமல், இலை, சூரிய ஒளி, கரியமில வாயு, நீர், மாவுப்பொருள் என்று ஓடினேன்.

"நில்லு, நில்லு. செடி சோறாக்கிக்குது. சரி. காத்து எது வழியா உள்ள போகுது?"

"இலைத்துளை வழியாங்க அத்தை."

"அது எங்க இருக்குது?"

"இலைக்கு அடியில அதிகமா இருக்குதுங்க."

"ஏன் அடீல? வெயிலு மேலதானே அடிக்குது?"

நான் புத்தகத்தைப் புரட்டினேன். "அது புத்தகத்துல இல்லீங்க."

"அப்பச் சரக்கு ஒடஞ்சு வந்திருக்குது. டேமேஜுன்னு எழுதிக்க தம்பி." எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டார். "பரவால்ல அம்முணி. கோழிக்கூண்டுல இந்தக் கேள்வியெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே மறுநாள் அறிவியல் வகுப்பில் எழுந்து நின்றேன். பத்து வருடப் படிப்பில் நானாக எழுந்து கேட்ட முதல் கேள்வி அது. ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்தார். யார் தூண்டிவிட்டது என்பது போல் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றார். ஆனால் மதியத்துக்கு மேல் அவரே என்னைத் தேடி வந்தார். மேலே இருந்தால் வெயிலில் தண்ணீர் ஆவியாகிச் செடி வாடிவிடும், அதனால்தான் நிழலான அடிப்பக்கத்தில் அதிகம் என்று சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தால், இடைவேளையில்தான் அவருக்கும் தெரிந்தது என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது.

அன்று மாலை அத்தையின் கட்டைவிரல் முதன்முதலாக ஸ்டாம்பு மையில் தோய்ந்து தாளில் இறங்கியது. நீலமாக, சுழி சுழியாக.

அதன் பிறகு தினமும் வந்தார். மூன்று பிரதியில் ஒன்று அப்பாவுக்கு, ஒன்று எனக்கு, ஒன்று அத்தைக்கு. வாசிக்கத் தெரியாத தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போவார். கணக்கில் விகிதம் வந்தபோது கோழித் தீவனத்தில் சோளம் எத்தனை பங்கு, புண்ணாக்கு எத்தனை பங்கு என்று அவர்தான் எனக்குச் சொன்னார். இயற்கணிதத்தைக் கண்டதும், "எண்ணுக்குப் பதிலா எழுத்தா? ரெண்டுமே தெரியாதவ கிட்ட ரெண்டையும் கலந்து எறக்கறயா?" என்று சண்டைக்கு வந்தார். வரலாற்றில் எந்த அரசர் இறந்தாலும் ஒரே கேள்வி: "அப்பறம் யாரு பாத்துக்கிட்டாங்க?" நான் அரசர் இறந்த வருடத்தோடு நிறுத்துவேன். அத்தைக்கு அது ஷார்ட்டு. ஆக, அடுத்தவர் யார், அரசி என்ன ஆனாள், சண்டை நடந்ததா என்றெல்லாம் தேடிப் படிக்க வேண்டியிருந்தது.

கார்த்திகை பிறந்தபோது ஒன்றைக் கவனித்தேன். புத்தகத்தைத் திறந்தாலே காதுக்குள் அத்தை உட்கார்ந்துகொண்டு, ஏன், எங்கே, அப்பறம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். பச்சை மையும் ஊதா மையும் தீர்ந்து போயின. வாங்கத் தோன்றவில்லை.

அரையாண்டு வந்தது. கணக்கும் வரலாறும் முடிந்து, அறிவியல் தேர்வன்று கோணமானி எடுக்க ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். மடித்த ட்ரிப் சீட் ஒன்று கீழே விழுந்தது. கண்காணிப்புக்கு வந்திருந்த தையல் ஆசிரியை எடுத்துப் பிரித்தார். அவரும் தலைமையாசிரியையும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். உள்ளூர் ஆசிரியர் யாராவது பார்த்திருந்தால் சிரித்துவிட்டுக் கொடுத்திருப்பார். தாளில் இருந்தது இதுதான்: தம்மம்பட்டி. ஒளிச்சேர்க்கை, செரிமானம். டேமேஜ் 2. ஷார்ட் 4. கீழே ஒரு நீலக் கட்டைவிரல்.

ஆசிரியை என் விடைத்தாளைப் பார்த்தார். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் இரண்டாவது கேள்விக்கு நான் நாலாவது விடையை எழுதியிருந்தேன். அது சரியான விடையாகவும் இருந்து தொலைத்தது. இரண்டு, நாலு. துப்பு கிடைத்துவிட்டது. என் விடைத்தாள் பிடுங்கப்பட்டது.

இம்மாதிரிக் கோப்புகளைப் பின்னாளில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். நடைமுறை எளிது: தாள் மாணவரிடம் இருந்ததா, அது அந்தத் தேர்வுக்கு உதவக்கூடியதா, அதைப் பார்த்து எழுதினாரா என்று மூன்று கேள்வி கேட்டு, மாணவரின் வாக்குமூலத்தை எழுதி வாங்க வேண்டும். அன்று யாரும் ஒன்றும் எழுதி வாங்கவில்லை. "உன் வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வா. இல்லாவிட்டால் அரசுத் தேர்வை மறந்துவிடு" என்று தலைமையாசிரியை சொன்னார். அப்பா எழ முடியாது. அம்மா பள்ளிக்கூட வாசலைக் கண்டாலே வியர்ப்பவர். அத்தைதான் வந்தார், தீவனம் கலக்கிய கையோடு.

அவர் எதற்கு வருகிறார் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், நான் மறுநாளே முட்டைக் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

தலைமையாசிரியை தாளை மேசையில் வைத்தார். "இது என்னம்மா சங்கேத பாஷை? இது யார் கைநாட்டு?"

"என்றதுதானுங்க."

"டேமேஜ் இரண்டு என்றால்?"

"செடி சோறாக்கற பாடத்துல இவ ரெண்டு எடத்துல ஒளறுனாளுங்க. ஷார்ட்டுன்னா முழுங்கிட்டா. சோறு வயித்துக்குள்ள போயிக் கரையற பாடத்துல நாலு எடத்த முழுங்கிட்டாளுங்க. லாரிக்காரவிய ஊட்டுல அப்புடித்தானுங்க எழுதுவோம். பொறவு எல்லாம் சரியாச் சொன்னதுக்கப்பறந்தான் கைநாட்டு வெச்சேனுங்க. சும்மா வெக்க மாட்டேன்."

"நீங்கள் படித்திருக்கிறீர்களா?"

"இல்லீங்க."

"பிறகு இவள் உளறினாள் என்று எப்படித் தெரியும்?"

"எனக்குப் புரியலீனா ஒளறுதுன்னுதானுங்க அர்த்தம்."

தையல் ஆசிரியை இருமினார். தலைமையாசிரியை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரி. செடி எப்படிச் சோறாக்குகிறது? சொல்லுங்கள்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தை சேலை நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். வேர் தண்ணியக் கொண்டாந்து குடுக்குதுங்க. காத்து எலைக்கு அடீல ஓட்டை ஓட்டையா இருக்குது பாருங்க, அது வழியா வருதுங்க. எலைல இருக்கற பச்சைதான் அடுப்பு, வெயிலுதான் நெருப்பு. ஆக்குன சோத்துல மீந்தத வேருல, கெழங்குல சேத்து வெச்சுக்குதுங்க. நமக்கு வேணுங்கற காத்த வெளிய உட்ருதுங்க.

"ஓட்டை ஏன் அடியில் இருக்கிறது?"

"அது நான் கேட்ட கேள்வியுங்க!" அத்தைக்குக் கோபமே வந்துவிட்டது. "அதுக்குத்தானுங்க மொத நாளே டேமேஜு போட்டேன். மேல இருந்தா வெயிலுக்குத் தண்ணி போயிச் செடி வாடிப்போயிருமுங்க. புத்தகத்துல இல்லீங்க. இவ உங்க வாத்தியாரக் கேட்டுட்டு வந்து சொன்னா."

தலைமையாசிரியை நிமிர்ந்து உட்கார்ந்து, "நீங்கள் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறீர்களே, உட்காருங்கள் அம்மா" என்றார். என் விடைத்தாளை என்னிடம் நீட்டி, பக்கத்து அறையில் உட்கார்ந்து மீதியை எழுதச் சொன்னார். எழுதினேன். மூன்று பாடத்திலும் தேறினேன். மாவட்ட முதலிடத்தை எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும், கணக்கில் முப்பத்தேழு. அரசுத் தேர்வுக்கு என் பெயர் போனது.

அத்தையைப் பற்றி நான் கணித்தது எவ்வளவு தவறு என்பது அன்று திரும்பி வரும் வழியில்தான் தெரிந்தது. சாலையோரம் புளிய மரங்களுக்கு அடியில் நடந்து வந்தோம். நான் பயம் தெளிந்து வளவளவென்று பேசிக்கொண்டு வந்தேன். அத்தை கேட்டமாதிரித் தெரியவில்லை. திடீரென்று நின்றார்.

"அம்முணி, நெஞ்சுக்குள்ள என்ன இருக்குதுங்கற பாடம் எப்ப வரும்?"

"இதயமாங்க அத்தை? பொங்கலுக்கு அப்புறந்தான் நடத்துவாங்க."

"அதுக்கு முன்னால படிக்கப்படாதா?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் அத்தையின் கணவரான மாமா தீவன மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி அதன்மேலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அத்தைதான் பக்கத்தில் இருந்தார். முதலில் வாயுப்பிடிப்பு என்று நினைத்துச் சுக்குத்தண்ணி வைக்கப் போயிருக்கிறார். வண்டி பிடித்து நாமக்கல் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர் ஒரு தாளில் ஏதோ எழுதிக் கொடுத்தார். ஊர்க்காரர்கள் நேரம் என்றார்கள். அதற்கு மேல் யாரும் அவருக்கு எதுவும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

வகுப்பில் இன்னும் நடத்தாத பாடத்தை, ஆசிரியர் யாரும் சொல்லாமல், நான் முதன்முதலாகப் படித்தது அந்த வாரம்தான். பாயை ஒதுக்கிவிட்டுத் தரையில் சாக்பீஸால் நாலு அறை போட்டேன். ரத்தம் எங்கே வருகிறது, எங்கே போகிறது, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் சின்னக் குழாய் எது, அது அடைத்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். அத்தை கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"சுக்குத்தண்ணி வெக்கப் போவாம, அப்பவே வெசையாக் கூட்டிட்டுப் போயிருந்தா?"

அது புத்தகத்தில் இல்லை. மறுநாள் மாமா இறந்த விதத்தைச் சொல்லி அறிவியல் ஆசிரியரைக் கேட்டேன். இந்த முறை அவர் யார் தூண்டிவிட்டது என்று சுற்றிப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, எந்த நிமிடத்தில் கூட்டிக்கொண்டு போயிருந்தாலும் அவ்வளவு பெரிய அடைப்பை எடுக்க அன்றைக்கு இந்தப் பக்கத்தில் வழி கிடையாது என்று பொறுமையாகச் சொன்னார்.

மாலையில் அத்தையிடம் அதை அப்படியே சொன்னேன். எதையும் முழுங்கவில்லை. அவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தரையில் இருந்த சாக்பீஸ் கோட்டின் மேல் விரலை வைத்து, சின்னக் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"சரி சாமி. அப்ப நான் ஒண்ணும் தப்புப் பண்ணல" என்றார்.